தலை உருண்ட போல்ட்

எங்கள் முதலாளியின் காரில் ஒழுங்காகக் கழலுகிற போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. தொட்டதெல்லாம் தலை உருண்டது. ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் டிரைவராக இருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு கம்பிவேலி, உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளிக் கட்டிய ஓட்டு அறைகள், அவ்வளவுதான். முதலாளியிடம் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கறுப்புக் கார் ஒன்று இருந்தது. ஓட்டுவதும் நான்தான், ரிப்பேர் பார்ப்பதும் நான்தான். விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அடியும் உதையும் வாங்கித் தொழில் கற்றவன். என் கையில் கழலாத போல்ட் இல்லை என்று ஒரு திமிர் அப்போது எனக்கு உண்டு.

பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பு ஆகாது. இரும்போடு இரும்பு மோதினால் பொறி. பொறி பட்டால் அறை போகும், அறையில் இருப்பவர்களும் போவார்கள். அதனால் கேட்டிலேயே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆம்பிளைகளிடம் பீடியும் தீப்பெட்டியும். பொம்பிளைகளிடம் கொண்டை ஊசி. வாட்ச்மேன் முன்னால் வரிசையாக நின்று ஊசியை உருவிக் கொடுத்துவிட்டு, அவிழ்ந்த முடியை நூலால் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். என் சாமான் பையும் அங்கேதான் தொங்கும்.

ஒரு தடவை, பட்டாசுக் கம்பெனிகளைச் சோதனை போடுகிற சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்திருந்தபோது, நான் கேட்டுக்கு வெளியே காருக்கு அடியில் இரும்பு ஸ்பேனரோடு படுத்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். அம்புட்டுத்தான். அடுத்த வாரமே முதலாளி ஒரு செட் ஸ்பேனரைப் பித்தளையில் வார்த்து வாங்கி வந்துவிட்டார்.

"இனிமே காருக்கும் இதுதாம்லே. அவர் கண்ணுல இரும்பு படக்கூடாது."

"பித்தளை மெத்துன்னு இருக்கும் மொதலாளி. இறுகுன போல்ட்டுக்குத் தாங்காது."

"ஒங்கிட்ட யோசன கேட்டனா?"

கேட்கவில்லைதான். பித்தளை ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் வாய் அகலும், வழுக்கும். துரு தின்ற பழைய போல்ட், வழுக்க வழுக்க அதன் மூலைகள் மழுங்கும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஒரு வருஷத்தில் அந்தக் காரையே மொட்டை அடித்தாயிற்று.

சரி, காருக்குத்தான் பித்தளை. என் தங்கச்சி கையில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா?

அவளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். பூவாணக் குழாயில் மருந்தை இடித்துக் கெட்டிக்கும் அறை. மழை பொய்த்துப் போய், கூலிக்குப் போகக் காடு இல்லாமல் போனபிறகு எங்கள் தெருவே கம்பெனிக்கு நடந்தது, அவளும் நடந்தாள். முதலில் மருந்து இடிக்க மரக்கட்டை கொடுத்தார்கள். அது பிளந்துபோனது. பித்தளைக் கம்பி கேட்டார்கள். சீசன் முடியட்டும் என்றார் போர்மேன். சொல்லிவிட்டு, வீடு கட்டுகிற இரும்புக் கம்பியைக் கொல்லன் பட்டறையில் துண்டு துண்டாக வெட்டச் சொல்லி, அதை இடிக்கக் கொடுத்தார். அந்தத் துண்டுகளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தவனே நான்தான். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. விசாரித்தபோது, வாசல் கதவுக்கு என்றார்கள்.

கொண்டை ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு இரும்புக் கம்பியைக் கையில் கொடுக்கிற புத்தி எந்த ஊரில் உண்டு? எங்கள் ஊரில் உண்டு.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவள் கையிலேயே ஒரு குழாய் 'சர்ர்' என்று தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்த கிழவி ஈரச்சாக்கைத் தூக்கிப் போட்டதால் தப்பித்தார்கள். தங்கச்சிக்குப் புருவம் இரண்டும் பொசுங்கிவிட்டது. முதலாளி வந்து பார்த்தார். "எவனோ கண்ணு வச்சிட்டான்" என்று சொல்லிப் பெரிய பூசணிக்காயாக வாங்கிவரச் சொல்லி, குங்குமம் போட்டுக் கம்பெனி வாசலில் உடைத்தார். கம்பியை மாற்றவில்லை. மறுநாள் அவள் புருவமில்லாத முகத்தோடு அதே கம்பியால் இடித்தாள்.

அன்று ராத்திரி சோற்றுத்தட்டு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணே, இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு தடவ இந்தக் கம்பியப் பாத்துட்டாகன்னா போதும். மாத்தச் சொல்லிருவாக. அறையில ஒம்பது பேரு இருக்கோம்."

"அவர் வரும்போது காட்ட வேண்டியதுதானே?"

"எங்க காட்ட? ஒன் ஹாரன் சத்தம் கேட்டதுமே போர்மேன் பிடுங்கிட்டுப் போயிருதாரே!"

எனக்குச் சுருக்கென்றது. வழக்கம் அப்படி. இன்ஸ்பெக்டர் வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். விருதுநகர் ரயிலடிக்குக் காரைக் கொண்டுபோய் நான்தான் அழைத்து வருவேன். முதலில் முதலாளி வீட்டில் பலகாரம், காபி. பிறகு கம்பெனி. ரோட்டிலிருந்து கம்பெனிப் பாதைக்குத் திரும்பும்போது இரண்டு தரம் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எனக்கு முதலாளி போட்ட உத்தரவு. ஹாரன் கேட்டதும் கம்பிகள் சாக்குக்கு அடியில் போகும். சின்னப் பிள்ளைகள் பின்வேலி வழியாகக் காட்டுக்குள் போவார்கள். சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேலே. அதனால் ஹாரன் கேட்கிறவரை யாரும் வேலையை நிறுத்தமாட்டார்கள். நான் ஏதோ பாதையில் நிற்கிற மாடு விலக அடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் மறுபடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று காலையில் காரைக் கிளப்பப் போனால் முன்சக்கரங்களுக்கு நடுவே தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. வாட்டர் பம்ப் ஒழுகுகிறது. ரேடியேட்டரில் ஊற்ற ஊற்றக் கீழே போகிறது. விருதுநகர் என்ன, திருத்தங்கல்கூடப் போய்ச் சேராது.

பம்பைக் கழற்றி, உள்ளே ஒழுகாமல் அடைக்கிற பேக்கிங் அட்டையை மாற்றினால் போதும், அரைமணி வேலை. பேக்கிங்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? அச்சு ஆபீஸில் கலர் பிசகிப்போன காலண்டர் அட்டை கட்டுக்கட்டாகக் கிடக்கும். சாமி படம் இல்லாத ஓரமாகப் பார்த்து வெட்டிக் கிரீஸில் முக்கிப் போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ரேடியேட்டரை இறக்கினேன், விசிறியைக் கழற்றினேன். பம்பின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே வந்தன. அடியில் இருந்த கடைசி போல்ட்டில் பித்தளை ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து. வழுக்கியது. இன்னொரு அழுத்து. முழங்கை வண்டியின் இரும்புச் சட்டத்தில் இடித்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். விரலால் தடவிப் பார்த்தேன். மூலையே இல்லை, உருண்டை.

முதலாளி தலைமாட்டில் வந்து நின்றார். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனம்.

"என்னலே இன்னும் நோண்டிக்கிட்டிருக்க? ரயில் வந்துரும்லே!"

"இரும்புச் சாமான் வேணும் மொதலாளி. உளி வச்சுத் தட்டணும்."

"உள்ளயா? இன்னைக்கா? புத்தி பெரண்டு போச்சா ஒனக்கு? அவர் வார நாளும் அதுவுமா கம்பெனிக்குள்ள உளிச் சத்தம் கேக்கணுமா?"

பத்தடி தூரத்து அறையில் இரும்புக் கம்பி 'டக் டக்' என்று இடித்துக்கொண்டிருக்கிறது. அது அவர் காதில் விழவில்லை.

கடைசியில் காரை வெளியே தள்ளினோம். கேட்டைத் தாண்டி, கம்பெனிக்குப் பின்பக்கம் ஓடைக்கரை வேலமரத்தடிக்கு. வாடகைக் கார் பிடித்து வரச் சொல்லி வாட்ச்மேனைச் சைக்கிளில் சிவகாசிக்கு விரட்டினார் முதலாளி. முகூர்த்த நாள், ஊரில் இருக்கிற கார் எல்லாம் மாப்பிள்ளை அழைக்கப் போயிருக்கும். பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் கேட்கலாமே என்றேன். "அவங்கிட்டயா? நம்ம கம்பெனிய இன்ஸ்பெக்டர் பூட்டுனா மொத சரத்தக் கொளுத்துறவன் அவந்தாம்லே" என்றார். அது வாஸ்தவம்.

மரத்தடியில் என் சொந்தச் சாமான்களை விரித்தேன். இறுகின போல்ட்டுக்கு உலகமெல்லாம் ஒரே வைத்தியம்தான், சூடு. ஊதுவிளக்கைப் பற்றவைத்துச் சுற்றிக் காட்டினால் இரும்பு விரிந்து கொடுக்கும். ஆனால் காற்று கம்பெனிப் பக்கம் அடிக்கிறது, அங்கே மருந்து உலர்கிறது. நாடு முழுவதுக்கும் தீப்பெட்டி அனுப்புகிற ஊரில் ஒரு குச்சி உரச வழியில்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டேன். ஊறும் மட்டும் பொறுக்க முதலாளிக்கு எங்கே பொறுமை?

"தட்டுலே! தட்டுலே!"

"அவசரத்துல தட்டுனா தலை முறிஞ்சு உள்ள மாட்டிக்கிடும் மொதலாளி. அப்புறம் பம்பையே ஒடைக்கணும்."

நான் வேண்டுமென்றே இழுத்தடித்தேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் புத்தி என் கைக்குக் கிடையாது. வேலை என்று குனிந்துவிட்டால் கழற்றாமல் நிமிர்ந்ததில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன்: அந்தப் போல்ட் அசையாமல் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கார் இல்லை, அதனால் ஹாரன் இல்லை. இன்ஸ்பெக்டர் பஸ் ஏறித் தானாக வருவார். நேரே அறைக்குள் போவார். கம்பியைப் பார்ப்பார். என் தங்கச்சி பிழைத்துக்கொள்வாள். வாழ்நாளில் ஒரு போல்ட்டைப் பார்த்து 'இரு, அப்படியே இரு' என்று நான் சொன்னது அன்று ஒருநாள்தான்.

அரத்தை எடுத்துப் போல்ட்டின் தலையில் எதிரெதிராக இரண்டு பக்கம் ராவினேன். பாதி வெளிச்சத்தில், கை முழுக்க நுழையாத சந்தில், விரல்நுனியால் ராவ வேண்டும். தட்டையாக இரண்டு முகம் வந்தது. ஒரு அளவு சின்ன ஸ்பேனரை, இரும்பு ஸ்பேனரை, சுத்தியால் தட்டி அதில் ஏற்றினேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும். பிடிவாதக்காரனை அவன் போக்கிலேயே கொஞ்சம் விட்டுத்தான் திருப்ப வேண்டும். இறுக்கினேன். 'கிறீச்' என்றது. பிறகு இடப்பக்கம் மெதுவாக. வந்தது. துருப்பொடி உதிர உதிர மரை மரையாக வெளியே வந்தது.

"வந்துருச்சா? அப்பாடா!" என்று முதலாளி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பேக்கிங்கை வைத்து பம்பைப் பூட்டிக்கொண்டிருந்தேன். போர்மேன் வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

"மொதலாளி! வந்துட்டாரு! நடந்தே வந்துட்டாரு! அறைக்குள்ள நிக்காரு!"

முதலாளி ஓடினார். நானும் போட்டது போட்டபடி பின்னால் ஓடினேன். என் நெஞ்சில் இருந்தது பயமில்லை, சந்தோஷம். முருகா, நல்ல வழி காட்டிட்டே என்றுதான் ஓடினேன்.

இன்ஸ்பெக்டர், தங்கச்சி வேலை பார்க்கிற அறையின் வாசலுக்கு உள்பக்கம் நின்றார். பஸ்ஸில் நசுங்கி, பாதையில் வெயிலில் நடந்து, ஷூவெல்லாம் கரிசல் புழுதி. முதலாளியைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை கம்பியைப் பற்றியது இல்லை.

"ஒரு வண்டி அனுப்ப உங்களுக்கு வக்கில்லையா? ரயிலடியில எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"ஐயா மன்னிக்கணும். வண்டி சதி பண்ணிருச்சுங்க. வாங்க, மொத வீட்டுக்குப் போவோம், சாப்பிட்டுட்டு…"

அப்போதுதான் என் தங்கச்சி எழுந்து வந்தாள். மருந்துக் கறை படிந்த கையில் அந்தக் கம்பி. யாரும் பிடுங்கவில்லை, ஹாரன் கேட்கவில்லையே! இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, இதப் பாருங்க. இரும்பு. இத வச்சுத்தான் இடிக்கோம்."

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "யார் இதை உள்ளே கொண்டுவந்தது?"

"ஏ புள்ள, யாருளா இத உள்ள கொண்டாந்தது?" என்று போர்மேன் அதே கேள்வியை அவளிடம் கத்தினார்.

"நீங்க குடுத்ததுதான அண்ணாச்சி!"

"நானா? அடிப்பாவி!" மனிதர் வேகமாகச் சுவர் மாடத்துக்குப் போய்த் துணியை விலக்கி ஒரு பித்தளைக் கம்பியை எடுத்தார். இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கென்று வைத்திருந்தது. மருந்து படாத மினுமினுப்பு. "இம்புட்டு நல்ல கம்பி இங்கன இருக்குய்யா. கை நோவுதுன்னு எங்கயோ கெடந்த இரும்பத் தூக்கிட்டு வந்திருக்கா."

"இத நான் இன்னைக்குத்தான்யா பாக்கேன்" என்றாள் தங்கச்சி.

அறையில் இருந்தவர்களை இன்ஸ்பெக்டர் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சாக்குப் போட்டு அணைத்த கிழவியும் தரையைத்தான் பார்த்தாள். வயிற்றுப்பாடு, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று எழுதத்தான் ஆசை. மனசு வரவில்லை.

நான் பொறுக்காமல் வாசலில் ஏறினேன். "பொய்யி சொல்றாக ஐயா. கொல்லன் பட்டறையிலருந்து இந்தக் கம்பிய கார்ல கொண்டாந்ததே நாந்தான்."

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையெல்லாம் கிரீஸ், கையில் மண்ணெண்ணெய் நாற்றம்.

"யார் இவன்? இந்தக் கோலத்திலே மருந்து அறை வாசலில் நிற்கிறான்? முதல்லே வெளியே அனுப்புங்க. நீங்கள்லாம் கம்பெனி நடத்துறீங்களா, சத்திரம் நடத்துறீங்களா?"

"போலே! டிரைவருக்கு இங்கன என்னலே வேல?" முதலாளி என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். சட்டப்படி அவர் சொன்னது சரி. மண்ணெண்ணெய்க் கையோடு அங்கே நான் நிற்கக்கூடாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளியே நின்றபடி கேட்டேன். இன்ஸ்பெக்டர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "படிப்பு இல்லேன்னா பயமாவது இருக்கணும். இத்தனை பேர் உயிரும் உன் கையிலே இருக்கு, தெரியுமா?"

"தெரியுமய்யா. அதுக்குத்தான காட்டுனேன்."

"நல்லா சொல்லுங்கய்யா, இவளுகளுக்கு ஒறைக்கிற மாதிரி சொல்லுங்க" என்றார் முதலாளி. போர்மேனைப் பார்த்து, "நாளையிலருந்து இவள உள்ள விடாத. ஒருத்தியால அம்புட்டுப் பேரும் சாகணுமா?" என்றார். தொழிலாளியின் அஜாக்கிரதை, வேலையிலிருந்து நீக்கப்பட்டாள் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். தங்கச்சி கேட்டில் போய்க் கொண்டை ஊசி கேட்டிருக்கிறாள். வாட்ச்மேன் சிவகாசியிலிருந்து திரும்பவில்லை. ஊசி இல்லாமலே வீட்டுக்கு நடந்தாள்.

விட்டுவிட்டு வந்த பம்பையும் ரேடியேட்டரையும் போய்ப் பூட்டி முடித்தேன், கார் ஓடத் தயார். ஓட்ட என்னை விட்டால் ஆளில்லை. முதலாளி வீட்டில் விருந்து முடிந்து, பின்னால் டிக்கியில் பட்டாசுப் பெட்டி ஏறி, சாயங்கால ரயிலுக்கு இன்ஸ்பெக்டரை விருதுநகர் கொண்டுபோனேன். வயிறு நிறைந்ததும் மனிதருக்குக் கோபம் போயிருந்தது. திருத்தங்கல் தாண்டியதும் தாமாகவே பேச்சுக் கொடுத்தார்.

"பழைய வண்டியானாலும் நல்லாத்தான் வச்சிருக்கே. காலையிலே என்னப்பா ரிப்பேர்?"

"ஒரு போல்ட்டு கழலலய்யா."

"ம். பாவம், உங்க முதலாளியும் என்ன செய்வார்? பித்தளைக் கம்பி வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பெண் மாதிரி ஆட்கள் இரும்பைத்தான் எடுப்பாங்க."

"அது என் தங்கச்சிய்யா."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. எனக்கு ஒரு நப்பாசை, இப்போதாவது கேட்பார் என்று. உண்மையிலே கொல்லன் பட்டறையிலிருந்தா கொண்டுவந்தே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அண்ணன்னு இருக்கிறவன், நீயாவது புத்தி சொல்லக்கூடாதா?" என்றார்.

ரயிலடியில் அந்தப் பட்டாசுப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன்.

சாவியை முதலாளி மூஞ்சியில் வீசிவிட்டு வந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வீட்டுக்கு வந்த சம்பளம் இரண்டு. ஒன்று போயாயிற்று. மறுநாளும் வேலைக்குப் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் இடத்தில் பக்கத்து ஊரிலிருந்து வந்த புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் வாசலில் எட்டிப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் தங்கச்சி முதலில் கேட்டதே கம்பியைப் பற்றித்தான். தீக்குச்சியை வீட்டிலேயே வரிசையாக அடுக்குகிற வேலைக்கு மரச்சட்டம் வாங்கி வந்து மடியில் வைத்திருந்தாள்.

"கம்பிய மாத்திட்டாகளாண்ணே?"

"இல்ல புள்ள. அதே கம்பிதான். புதுசா ஒரு பிள்ள இடிக்கா."

சட்டத்தில் வைக்கப் போன குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப என்னைய எதுக்குண்ணே வெளிய அனுப்புனாக?"